கைதிகளை அடைத்த செங்கல்லில் கோர்ட்டு எழும்பியது!

காந்தியும் மண்டேலாவும் கம்பி எண்ணிய கோட்டையில் இன்று கச்சேரி, கண்காட்சி, தீர்ப்பு

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரம். தங்கச் சுரங்கத்தால் பிழைத்த ஊர். ஊருக்கு நடுவே ஒரு மேடு. மேட்டின் மேல் ஒரு மண் கோட்டை. கோட்டைக்குள் ஜெயில்.

1893 முதல் 1983 வரை, 90 ஆண்டு காலம், அந்த ஜெயில் நிரம்பி வழிந்தது. "நம்பர் நாலு" என்று பெயர் சொன்னாலே கறுப்பு இன மக்களுக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளே போனவன் எப்போது வருவான், எப்படி வருவான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இன்று அதே மேட்டில் நாட்டின் அரசியல் சட்ட கோர்ட்டு நடக்கிறது. பக்கத்திலேயே அருங்காட்சியகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். கைதிகள் நிர்வாணமாக நின்ற முற்றத்துக்குப் பக்கத்தில் இளைஞர்கள் பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். கோர்ட்டுக்குள் சுவர் இருக்கிறதே, அதன் செங்கல்கூட பழைய ஜெயில் செங்கல்தான்!

இது எப்படி நடந்தது?

ஊரை நோக்கித் திரும்பிய பீரங்கி

1886-ல் அங்கே தங்கம் கிடைத்தது. உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அப்போது டிரான்ஸ்வால் நாட்டை ஆண்டவர் பால் குரூகர். போயர் இனத்தவர். வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களை அவர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. 1895 டிசம்பர் கடைசியில் ஜேம்சன் என்ற பிரிட்டிஷ்காரர், சில நூறு குதிரை வீரர்களோடு எல்லை தாண்டி வந்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார். புது வருடம் பிறந்த கையோடு பிடிபட்டார்.

குரூகர் உஷாராகி விட்டார். மேட்டில் ஏற்கனவே இருந்த ஜெயிலைச் சுற்றி பெரிய மண் கரை எழுப்பினார். 1896-ல் தொடங்கிய வேலை 1899-ல் முடிந்தது. ஜெயில் கோட்டையாகி விட்டது. பீரங்கிகள் கீழே இருந்த ஊரையே பார்த்து நின்றன. கோட்டை என்றால் ஊரைக் காப்பாற்றக் கட்டுவார்கள். இது ஊரை மிரட்டக் கட்டிய கோட்டை!

அதுவும் பலிக்கவில்லை. 1900-ல் பிரிட்டிஷ் படை வந்தபோது ஜோகன்னஸ்பர்க் சண்டை போடாமல் கை மாறியது. மறுபடியும் அது ஜெயிலானது. பிரிட்டிஷார் போயர்களைப் பிடித்துப் போட்டார்கள். 1922-ல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைத் தொழிலாளர்கள்தான். அவர்களையும் பிடித்து அங்கேதான் தள்ளினார்கள். யார் ஆண்டாலும் ஜெயிலுக்கு வேலை இருந்தது.

நாலு ஜெயில், நாலு விதம்

ஒரு ஜெயில் போதவில்லை. மேடு முழுக்க ஜெயில்களாகக் கட்டிக்கொண்டே போனார்கள். கோட்டைக்குள்ளே வெள்ளைக்காரக் கைதிகள். வெளியே கறுப்பர், இந்தியர், கலப்பினத்தவருக்கு "நம்பர் நாலு". பெண்களுக்குத் தனி ஜெயில். 1928-ல் விசாரணைக் கைதிகளுக்கு ஒரு பெரிய கட்டடம்.

நம்பர் நாலில் அடைபட்டவர்கள் எல்லாரும் கொலைகாரர்களா என்றால் இல்லை. பெரும்பாலோர் செய்த குற்றம் என்ன தெரியுமா? சட்டைப் பையில் "பாஸ்" புத்தகம் இல்லாமல் தெருவில் நடந்தது! கறுப்பர் ஒருவர் வெள்ளையர் நகரத்துக்குள் நடமாட வேண்டுமானால் பாஸ் வேண்டும். மறந்து வீட்டில் வைத்து விட்டு வேலைக்குப் போனால் போச்சு. போலீஸ் லாரியில் ஏற்றி விடுவார்கள். வீட்டில் பீர் காய்ச்சி விற்ற பெண்கள், வேறு இனத்தவரோடு குடும்பம் நடத்தியவர்கள் என்று இப்படியே ஜெயில் நிரம்பியது.

வேலைக்குப் போய்த் திரும்பும் கைதிகளை முற்றத்தில் துணியில்லாமல் நிறுத்துவார்கள். குதிக்க வேண்டும். கை தட்ட வேண்டும். வாயைத் திறந்து காட்ட வேண்டும். உடம்பில் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று நிரூபிக்க இந்த ஆட்டம். இதற்கு "டௌசா" என்று பெயர். சோறு தின்பது திறந்த கக்கூசுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு.

கொட்டடிக்குள் வேறு ஒரு ஆட்சி. தாதாக்களுக்குக் கம்பளிகளை அடுக்கி மெத்தை. மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவராக, கக்கூஸ் ஓரமாக. எத்தனை கம்பளி யாருக்கு என்பது இன்று அந்த அறையிலேயே தரையில் விரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. கம்பளிகளை மடித்து பீரங்கி வண்டி மாதிரி உருவம் செய்யும் வழக்கமும் கைதிகளிடம் இருந்தது. அதையும் செய்து வைத்திருக்கிறார்கள். கசையடி கொடுக்கக் கட்டி வைக்கும் மரச் சட்டமும் இருக்கிறது.

வக்கீல் கைதியானார்

1908 ஜனவரி 10-ந் தேதி. ஜோகன்னஸ்பர்க் கோர்ட்டில் ஒரு வக்கீல் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். அதே கோர்ட்டில் பல முறை கட்சிக்காரர்களுக்காக வாதாடியவர்தான். ஆசியாக்காரர்கள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்துக்கு அடிபணிய மறுத்தார். 2 மாதம் தண்டனை. அவர்தான் காந்தி. அவருடைய முதல் ஜெயில் வாசம் இந்த மேட்டில்தான்.

காந்தியோடு உள்ளே போனவர்களில் முக்கியமானவர் தம்பி நாயுடு. மொரீஷியசில் பிறந்தவர். ஜோகன்னஸ்பர்க் தமிழர் சங்கத்தை நடத்தியவர். பிறகும் பல முறை ஜெயிலுக்குப் போனார். அவருடைய பேரன் இந்திரேஸ் நாயுடு பிற்காலத்தில் ராபன் தீவில் 10 ஆண்டு கிடந்தார். குடும்பமே ஜெயில் குடும்பம்!

களி பிரச்சினை அப்போதே வந்தது. மக்காச்சோளக் களியை இந்தியர்களுக்குப் போட்டார்கள். பழக்கமில்லாத சாப்பாடு. மனு எழுதினார்கள். கறுப்பர்களோடு ஒன்றாக அடைத்ததையும் காந்தி குறையாக எழுதினார். அதற்காக அவரை இன்றும் விமர்சிக்கிறவர்கள் தென்னாப்பிரிக்காவில் உண்டு. சமரசம் பேசி ஜனவரி 30-ந் தேதி அவரை விடுவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் அங்கே கொண்டு வந்து, ரவுடிக் கைதிகளோடு ஒரு ராத்திரி அடைத்தபோது அவர் பயந்தே போனார். இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தில்லையாடி வள்ளியம்மை என்றதும் சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் மாளிகை ஞாபகம் வரும். அந்தப் பெண் பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில்தான். அப்பா, அம்மாதான் தில்லையாடிக்காரர்கள். ஆனால் வள்ளியம்மை அடைபட்டது இந்தக் கோட்டையில் அல்ல. மாரிட்ஸ்பர்க் ஜெயிலில். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ந் தேதி இறந்தார். வயது 16.

கோட்டையில் அடைபட்ட தமிழ் இளைஞர் நாகப்பன். 1909 ஜூனில் பிடித்தார்கள். கோட்டையிலிருந்து ரோடு போடும் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜூன் மாதம் கடும் குளிர். நெஞ்சில் சளி கட்டி, விடுதலையான சில நாளில், ஜூலை 6-ந் தேதி உயிர் போய் விட்டது. நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் நினைவுக்கல் பிராம்ஃபாண்டீன் மயானத்தில் இருக்கிறது. கோட்டைக்குக் கிட்டத்தில்தான்.

விஷக்காரியும் போராட்டக்காரியும்

பெண்கள் ஜெயிலின் கதை வேறு. 1932-ல் டெய்சி டி மெல்கர் என்ற நர்சு அங்கே விசாரணைக் கைதியாக இருந்தாள். பெற்ற மகனுக்கே பாஷாணம் வைத்துக் கொன்றாள் என்று வழக்கு. இரண்டு புருஷன்களையும் விஷம் வைத்துத் தீர்த்தாள் என்றும் குற்றச்சாட்டு. கோர்ட்டு வாசலில் கூட்டம் முண்டியடித்தது. மகன் கொலை மட்டும் நிரூபணமாகி, அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டோரியாவில் தூக்கு.

அதே ஜெயிலில் 1958-ல் பாஸ் சட்டத்தை எதிர்த்த பெண்களை அடைத்தார்கள். வின்னி மண்டேலாவும் ஆல்பர்டினா சிசுலுவும் அவர்களில் இருந்தார்கள். 1976-ல் வின்னி மறுபடியும் உள்ளே. கூடவே இந்திய வம்சாவளிப் பேராசிரியை பாத்திமா மீரும்.

நெல்சன் மண்டேலா? 1956-ல் ராஜத்துரோக வழக்கில் 156 பேர் பிடிபட்டார்கள். அப்போது அவர் கோட்டையைப் பார்த்தார். 1962-ல் தலைமறைவாக இருந்து பிடிபட்டதும் கொண்டு வந்தது இங்கேதான். வெள்ளையர் ஜெயிலான கோட்டைக்குள், ஆஸ்பத்திரிப் பகுதியில் தனியாக வைத்தார்கள். நம்பர் நாலில் விட்டால் தப்ப வைத்து விடுவார்கள் என்று பயம்.

11 நீதிபதிகள் தேடிய இடம்

1983-ல் ஜெயிலை மூடினார்கள். கைதிகள் ஊருக்கு வெளியே புது ஜெயிலுக்குப் போனார்கள். மேடு பாழடைந்தது. அதையொட்டிய ஹில்புரோ பகுதியோ அடுக்குமாடி வீடுகள் நெருக்கியடிக்கும் பேட்டை. திருட்டு, வழிப்பறிக்குப் பேர் போனது.

1994-ல் மண்டேலா ஜனாதிபதியானார். 1995 பிப்ரவரியில் அரசியல் சட்ட கோர்ட்டை அவரே தொடங்கி வைத்தார். 11 நீதிபதிகள். எடுத்த எடுப்பில் விசாரித்தது தூக்குத் தண்டனை வழக்கு. ஜூனில் தீர்ப்பு. தூக்கு ஒழிந்தது!

ஆனால் கோர்ட்டுக்கு சொந்தக் கட்டடம் இல்லை. வாடகை ஆபீசில் நடந்தது. நீதிபதிகள் இடம் தேடினார்கள். அவர்களில் ஒருவர் ஆல்பி சாக்ஸ். வெள்ளையர்தான். ஆனால் நிறவெறி அரசை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். 1988-ல் மொசாம்பிக்கில் அவர் காரில் குண்டு வைத்தார்கள். ஒரு கை போயிற்று. ஒரு கண்ணில் பார்வை போயிற்று. அப்படிப்பட்டவரும் சக நீதிபதிகளும் தேர்ந்தெடுத்த இடம் அந்தப் பாழடைந்த ஜெயில் மேடு.

நல்ல காற்றோட்டமான இடத்தில் பளிங்கு மாளிகை கேட்டிருந்தால் அரசு கொடுத்திருக்கும். கேட்கவில்லை. சட்டம் எங்கே ஜனங்களை மிதித்ததோ அங்கேயே சட்டம் அவர்களுக்குக் காவல் நிற்கட்டும் என்பது அவர்கள் கணக்கு.

கட்டட வரைபடத்துக்குப் போட்டி வைத்தார்கள். ஜனினா மசோயாடா, ஆண்ட்ரூ மேக்கின், பால் வைகர்ஸ் என்ற மூன்று பேர் கூட்டாக ஜெயித்தார்கள். டர்பன், ஜோகன்னஸ்பர்க் ஊர்க்காரர்கள்.

எல்லாவற்றையும் அப்படியே வைக்கவும் முடியாது. கோர்ட்டுக்கு இடம் வேண்டும். 1928-ல் கட்டிய விசாரணைக் கைதிகள் கட்டடத்தை இடித்தார்கள். இடித்த செங்கல்லைக் குப்பையில் கொட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார்கள். கோர்ட்டு அறையின் சுவர் அந்தச் செங்கல். வெளியே இறங்கும் அகலமான படிக்கட்டிலும் அந்தச் செங்கல். கட்டடம் போனாலும் அதன் நாலு மாடிப்படிக் கூண்டுகளை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். இன்றும் அவை கோபுரம் மாதிரி நிற்கின்றன. விசாரணைக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் ஏறி இறங்கிய படிகள் அவை.

நீதிபதி தலைக்கு மேல் ஜனங்களின் கால்

2004 மார்ச் 21-ந் தேதி ஜனாதிபதி தாபோ இம்பெக்கி கோர்ட்டைத் திறந்து வைத்தார். 1960-ல் ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்தவர்களைப் போலீசார் சுட்டுக் கொன்ற நாள் அது. தேதி பார்த்துத்தான் வைத்தார்கள்.

கட்டடத்தில் தூண் எல்லாம் சாய்ந்து நிற்கும். மரத்தடி மாதிரி தோன்ற வேண்டும் என்று. ஆப்பிரிக்கக் கிராமத்தில் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்துதான் வழக்கு தீர்ப்பார்கள். நம்மூர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்துதான்! கோர்ட்டின் சின்னமும் மரமே. வாசல் கதவு மரத்தில் செதுக்கியது. அடிப்படை உரிமைகள் 27. அத்தனையையும் காது கேளாதோர் பேசும் கைச்சாடையோடு செதுக்கியிருக்கிறார்கள்.

நீதிபதிகள் மேஜையின் முகப்பில் மாட்டுத் தோல். 11 நீதிபதிக்கு 11 விதமான தோல். ஒன்றின் புள்ளி மாதிரி இன்னொன்றில் இருக்காது. கோர்ட்டு அறை தரையிலிருந்து சற்றே தாழ்வாக இருக்கிறது. சுவரில் நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை. வெளியே நடந்து போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். செருப்புக் கால், பூட்ஸ் கால், வெறுங்கால். கோர்ட்டில் மேடை போட்டு உயரத்தில் நீதிபதியை உட்கார வைப்பதுதான் உலக வழக்கம். இங்கே ஜனங்களின் கால் அவர்கள் தலைக்கு மேலே போகிறது!

விசாரணையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். டிக்கெட் கிடையாது.

அலங்காரத்துக்கு முதலில் ஒதுக்கிய பணம் 10 ஆயிரம் ராண்டுதான். ஒரே ஒரு நெசவுச் சித்திரத்தோடு அது தீர்ந்தது. நெய்தவர் ஜோசப் இன்ட்லோவு. மீதிக் கலைப்பொருள்களை சாக்ஸ் பலரிடம் கேட்டுச் சேர்த்தார். அவற்றில் பார்ப்பவர் நெஞ்சை அடைக்க வைப்பது ஒரு நீல உடுப்பு. பிலா இன்ட்வாண்ட்வே என்ற போராளிப் பெண்ணை 1988-ல் ரகசியப் போலீசார் கடத்தினார்கள். துணியில்லாமல் அடைத்து வைத்தார்கள். கிடைத்த நீல நிறப் பிளாஸ்டிக் பையை அவள் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். கொன்று புதைத்தார்கள். பிற்பாடு உண்மை அறியும் கமிஷனில் கொன்றவர்களே இதைச் சொன்னார்கள். ரேடியோவில் அதைக் கேட்ட ஓவியர் ஜூடித் மேசன், நீலப் பிளாஸ்டிக் பைகளை வெட்டித் தைத்து அவளுக்கு ஒரு கவுன் செய்தார். உயிரோடு இருந்தபோது கிடைக்காத துணி.

பழைய ஜெயில் பகுதியை அருங்காட்சியகம் ஆக்கியபோது முன்னாள் கைதிகளையும் முன்னாள் வார்டர்களையும் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். எந்த மூலையில் என்ன நடந்தது என்று அவர்கள் காட்டிய பிறகுதான் காட்சிப்பொருள் வைத்தார்கள். காந்திக்குத் தனிக் கண்காட்சி உண்டு. பெண்கள் ஜெயிலில் பெண்கள் சமத்துவத்துக்கான அரசுக் கமிஷனின் ஆபீஸ் நடக்கிறது. விஷக்காரி டெய்சி இருந்த வளாகத்தில்! மண் கரை மேல் ஏறி நடந்தால் ஊர் முழுக்கத் தெரியும். "பாஷா உஹுரு" என்ற இளைஞர் கலைவிழாவும் இந்த மேட்டில்தான். 2017 கடைசியில் "ஆஃப்ரோபங்க்" இசைவிழாவுக்கும் இடம் கொடுத்தார்கள். ஜெயிலில் கூத்தா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் பூட்டிய இடத்தில் கூட்டம் கூடினால்தானே பயம் விடும்?

2024 ஜூலையில் டெல்லியில் யுனெஸ்கோ கூட்டம் நடந்தது. மண்டேலாவோடு தொடர்புடைய இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் இந்த மேடும் இருக்கிறது.

நம்மூர் மத்திய சிறை கதை வேறு. சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே 1837-ல் கட்டியது. 2006-ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-ல் சில நாள் ஜனங்களை உள்ளே விட்டார்கள். கூட்டம் அலைமோதியது. அதோடு இடித்து விட்டார்கள். மருத்துவக் கல்லூரிக்கு இடம் தேவைதான். யாரும் மறுக்கவில்லை. ஒரு சுவர், ஒரு படி மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

மாஜி ஜனாதிபதிக்கே ஜெயில்

கட்டடம் அழகாக இருந்தால் ஆயிற்றா? கோர்ட்டு வேலை செய்ய வேண்டாமா? செய்தது. எய்ட்ஸ் நோயுள்ள தாய்மாருக்கு, குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்தை அரசு கொடுத்தே தீர வேண்டும் என்று 2002-ல் உத்தரவு போட்டது. 2016-ல் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா சொந்த வீட்டுக்குச் செலவழித்த அரசுப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொன்னது. 2021 ஜூனில், கோர்ட்டை அவமதித்தார் என்று அதே ஜூமாவுக்கு 15 மாதம் ஜெயில்! அப்போது அவர் மாஜி. நிறவெறி ஆட்சியில் 10 ஆண்டு ராபன் தீவில் இருந்தவர்தான். ஜூலையில் ஜூமா சரணடைந்தார். கலவரம் வெடித்தது. 300 பேருக்கு மேல் செத்தார்கள். தண்டனைத் தீர்ப்பை வாசித்தவர் பெண் நீதிபதி சிசி கம்பெபே.

அந்த நாட்டின் அரசியல் சட்டம் தமிழின் பெயரையும் சொல்கிறது. ஆட்சிமொழியாக அல்ல. மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாக. நாகப்பன் சாகாமல் பேரன் பேத்தி எடுத்திருந்தால், அவர்களுக்கும் பொருந்துகிற வரி.

இன்னொரு கட்டடமும் இருந்தது

ஜோகன்னஸ்பர்க்கில் வேறொரு கட்டடம் இருந்தது. கறுப்பர்களுக்கு பாஸ் கொடுத்தும் மறுத்தும் வந்த பழைய பாஸ் ஆபீஸ் அது. நகராட்சிக்குச் சொந்தம். பிறகு பெண்கள் காப்பகமாக இருந்தது. அப்புறம் கவனிப்பார் இல்லை. கும்பல்கள் புகுந்து வாடகை வசூலித்தன. ஏழைகள் தட்டி கட்டித் தங்கினார்கள். 2023 ஆகஸ்டு 31-ந் தேதி அதிகாலையில் தீப்பிடித்தது. 70 பேருக்கு மேல் கருகிப் போனார்கள். கோட்டை ஜெயிலுக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததே இந்த பாஸ் சட்டம்தான். கோட்டைக்கு விளக்குப் போட்டவர்கள் பாஸ் ஆபீசுக்கு ஒரு காவல்காரன் போடவில்லை. விசாரணைக் கமிஷன் தலைவராக வந்தவர் அதே கம்பெபே. ஓய்வு பெற்ற பிறகு.

கோர்ட்டு வாசலிலும் ஒரு வழக்கு காத்துக் கிடந்தது. உள்ளே அல்ல, வெளியே, தரையில். நிறவெறிக் காலத்தில் அடிபட்டவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். பெரும்பாலும் வயதான பெண்கள். உண்மை அறியும் கமிஷன் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு அரசு 2003-ல் தலைக்கு 30 ஆயிரம் ராண்டு என்று முடிவு செய்தது. பட்டியலில் விட்டுப்போனவர்களுக்கு அதுவும் இல்லை. விட்டுப்போனவர்கள் 2023 கடைசியில் கோர்ட்டு வாசலில் வந்து படுத்தார்கள். நஷ்டஈடு வேண்டும் என்றார்கள். மாதக்கணக்கில் அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம்.

ஜோகன்னஸ்பர்க் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. 1909-ல் நாகப்பனைக் கொன்ற குளிர். 27 உரிமைகளையும் செதுக்கிய கதவு சில அடி தூரத்தில். கிழவிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.